ஜீனோவும் ஆயாவின் தலையெழுத்தும்

'விதி' என்ற சொல்லுக்குத் தமிழில் ரெண்டு அர்த்தம். தலையெழுத்தும் விதிதான், சட்டதிட்டமும் விதிதான். வங்கிக் கவுண்டரில் உட்கார்ந்திருக்கிற எனக்கு ரெண்டும் தினமும் காதில் விழுகிறது. "விதிப்படி இன்னொரு ஜாமீன் கையெழுத்து வேணும்மா" என்கிறேன். "எல்லாம் எங்க விதி சாமி" என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து பதில் வருகிறது. எழுதினவன் பேர் தெரிந்தால் அது சட்டம். எதிர்க்கலாம், திருத்தலாம், கொளுத்தலாம். பேர் தெரியாவிட்டால் தலையெழுத்து. தலையைத் தடவிக்கொண்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

சுஜாதா எழுதிய 'என் இனிய இயந்திரா' நினைவுக்கு வருகிறது. ஆனந்த விகடனில் தொடராக வந்து, பிறகு தூர்தர்ஷனில் நாடகமானது. தமிழில் விஞ்ஞானக் கதையைச் சின்னத்திரைக்குக் கொண்டுவந்த முன்னோடி முயற்சிகளில் ஒன்று. 2020களின் தொடக்கத்தில் நடப்பதாக எழுதப்பட்ட கதை. அந்த வருசங்களைத்தான் நாம் இப்போது தாண்டி வந்திருக்கிறோம். ஜீவா என்றொரு சர்வாதிகாரி. மனுசருக்கு ரெண்டு எழுத்தில் பேர், கூடவே ஒரு எண். பிள்ளை பெத்துக்கவும் அரசாங்கத்திடம் அனுமதி. நிலா என்ற பெண்ணுக்கு அந்த அனுமதி கிடைக்கிறது, புருசன் காணாமல் போகிறான். ஜீனோ என்ற இயந்திர நாய் புத்தகம் படிக்கிறது, யோசிக்கிறது.

எவனோ ஒருத்தன் நம்ம பிறப்பையும் பேரையும் தீர்மானிக்கிறானே என்று ஊர்த்தெரு வாசகர் பயந்தார்கள். அவர்களுக்கு அது எதிர்காலக் கற்பனை. சேரிக்கு அது பழைய சேதி. எந்தத் தெருவில் பிறப்பது, எந்தப் பேர் வைக்கலாம், எந்தச் சுடுகாட்டில் எரிவது என்று எங்களுக்கு எல்லாமே முன்கூட்டி எழுதியிருந்தது. கம்ப்யூட்டர் இல்லாமலேயே.

அந்தக் கதையில் எனக்குப் பிடித்த இடம் ஒன்று. ஜீவா என்று ஆளே கிடையாது. ஒளியால் செய்த உருவம். பின்னால் நின்று ஆட்டுகிறவர்கள் வேறு. தலையில் எழுதுகிற பிரம்மாவும் அப்படித்தானே தோழர்களே? உருவத்தின் மேல் கல்லெறிந்து பிரயோசனமில்லை. அதுக்குப் பின்னால் நிற்கிறவனைத்தான் பிடிக்கணும். 1927 டிசம்பர் 25இல் மகாத்தில் அம்பேத்கர் மனுஸ்மிருதியைக் கொளுத்தியபோது செய்தது இதைத்தான். தலையெழுத்து என்று சொல்லப்பட்டதை, ஒருத்தன் எழுதிய புத்தகம் என்று காட்டினார். காகிதம் என்றால் எரியும்.

ஆனால் சுஜாதாவிடம் ஒரு கேள்வி பாக்கி இருக்கிறது. அந்தப் பளபளப்பான நகரத்தில் மலக்குழிக்குள் இறங்குவது யார்? நாய்க்குக்கூட இயந்திரம் செய்த கற்பனை அந்தக் குழிக்குள் எட்டிப் பார்க்கவில்லை. கையால் மலம் அள்ளுவதைத் தடுக்க 1993இல் ஒரு சட்டம், 2013இல் இன்னொரு சட்டம். கேரளத்து இளைஞர்கள் 'பாண்டிகூட்' என்று சாக்கடை அள்ளும் ரோபோவைச் செய்து, 2018இல் திருவனந்தபுரத்தில் இறக்கினார்கள். இயந்திரமும் உண்டு, சட்டமும் உண்டு. ஆனாலும் குழிக்குள் மனுசன் சாகிறான். அதே நாட்டில்தான் 2023 ஆகஸ்ட் 23இல் சந்திரயான்-3 நிலாவில் இறங்கியது. திட்ட இயக்குநர் வீரமுத்துவேல் எங்க விழுப்புரத்துக்காரர், பெருமைதான். நிலாவுக்குப் போக விஞ்ஞானம், மலக்குழிக்கு மட்டும் விதியா?

எங்க செஞ்சிக்கு வந்தாலும் விதிக்கதைதான். 1714இல் ஆற்காட்டு நவாபோடு மோதிச் செத்த தேசிங்கு ராஜனைப் பாடாத வாய் இங்கே இல்லை. போருக்கு உத்தரவு கேட்டபோது சிங்கவரத்து ரங்கநாதர் முகத்தைத் திருப்பிக்கொண்டாராம். சாமி தடுத்தும் போனான், விதி முடிந்தது என்கிறார்கள். ராஜாவுக்கு விதி வந்தால் அது வீரகாவியம். அதே கோட்டையில் ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரியோடு சக்கிலிதுர்க்கம் என்றும் ஒரு குன்று நிற்கிறது. 2025இல் யுனெஸ்கோ செஞ்சிக்கோட்டையை உலக மரபுச் சின்னப் பட்டியலில் சேர்த்தது. நல்லது. அந்தக் குன்றுக்கு ஏன் அந்தப் பேர் வந்தது, அங்கே கல் சுமந்தவன் யார் என்று எந்தப் பலகை சொல்லும்? அவன் விதியைப் பாட ஆளில்லை.

அடுத்தது வருத்தம். சின்ன வயசில் 'விடாது கருப்பு' தொடரை ஊர்த்தெரு வீடொன்றின் ஜன்னலுக்கு வெளியே நின்று பார்த்தவன் நான். உள்ளே கூப்பிடமாட்டார்கள். வெள்ளைக் குதிரையில் கருப்பு வருவார், தப்பு செய்தவன் சாவான். மனநோய், பிளவுபட்ட ஆளுமை என்று மருத்துவம் ஒரு பக்கம் பேசும், சாமி பயம் இன்னொரு பக்கம் நிற்கும். குதிரையைப் பார்த்து உள்ளே இருந்தவர்கள் நடுங்கினார்கள். எனக்கு உள்ளுக்குள் ஒரே சந்தோசம். எங்க சாமி அவங்க வீட்டுக்குள்ளே போயிடுச்சே!

நிசத்தில் கருப்பு வரவில்லை. 1978இல் விழுப்புரத்தில் பன்னிரண்டு தலித்துகளைக் கொன்றபோதும் வரவில்லை. தப்பு செய்தவனுக்கு இந்தச் சமூகம் பரிகாரம் வைத்திருக்கிறது. விளக்கு போடு, தோசம் கழி, யாருக்குத் தப்பு செய்தாயோ அவன் முகத்தில் விழிக்காமலேயே சுத்தமாகிவிடலாம். வருத்தப்பட வேண்டியவன் பாதிக்கப்பட்டவன்தான். இந்தப் பிறப்பு பிறந்தேனே என்று நந்தனை அழவைத்து, நெருப்பில் இறக்கித்தான் கோயிலுக்குள் விட்டார்கள். 2023இல் இதே மாவட்டத்து மேல்பாதியில் தலித்துகள் திரௌபதி அம்மன் கோயிலுக்குள் போக முயன்றபோது, கோயிலுக்கே சீல் வைக்க வேண்டிவந்தது.

2016 ஜனவரி 17இல் ஐதராபாத்தில் உயிரை விட்ட ரோஹித் வெமுலா, கார்ல் சாகனைப் போல விஞ்ஞானம் எழுதுகிறவனாக வேண்டும் என்று ஆசைப்பட்டவன். நட்சத்திரங்களை நேசித்தவன். தன் பிறப்பை அவன் விதி என்று சொல்லவில்லை, விபத்து என்றான். ரெண்டுக்கும் தூரம் அதிகம். விபத்து என்றால் வழக்கு பதியணும், யார் வண்டி, யார் ஓட்டினது என்று விசாரிக்கணும். விதி என்றால் துக்கம் கேட்டுவிட்டு வந்துவிடலாம். நமக்கு வரவேண்டிய விஞ்ஞானக் கதைகளில் எத்தனை அந்த அறையில் தொங்கிப்போச்சோ!

அப்படியானால் சாமியே வேண்டாமா என்று மாணவத் தோழர்கள் கேட்கிறார்கள். அமாவாசைக்கு மேல்மலையனூர் அங்காளம்மனைப் பார்க்கப் போகிற எங்க ஆயாவை நான் கேலி செய்யமாட்டேன். அம்பேத்கரும் வெறுங்கையோடு வெளியேறவில்லை. 1956 அக்டோபர் 14இல் நாகபுரியில் பௌத்தத்தைக் கையிலெடுத்தார். போன பிறவியின் வினைதான் இந்தப் பிறவியின் இழிவு என்ற கதையை வெளியே வைத்துவிட்டுத்தான் எடுத்தார். அயோத்திதாசரும் அந்தப் பாதையில்தான் நடந்தார். மனுசனை நிமிர வைக்கிற ஆன்மிகம் உண்டு, குனிய வைக்கிற ஆன்மிகமும் உண்டு. பிரித்துப் பார்க்கத் தெரியணும்.

எங்கம்மாவை அஞ்சாம் வகுப்போடு நிறுத்திக் களையெடுக்க அனுப்பச் சொன்னார் ஒரு நிலக்காரர். ஆயா அனுப்பிவிட்டாள். ரொம்ப வருசம் "அவ தலையெழுத்து" என்றே சொல்லிக்கொண்டிருந்தாள். போன வருசம் ஒருநாள், நான் ஜீனோ கதையைச் சொல்லிக்கொண்டிருந்தபோது, வெத்தலையை மடித்தபடி திடீரென்று சொன்னாள்: "அன்னிக்கி நான் முடியாதுன்னு சொல்லியிருக்கணும்டா."

எண்பது வயசில் வந்த வருத்தம். ஆனால் அது வந்த நிமிசத்தில் தலையெழுத்து செத்துப்போச்சு. வேறமாதிரி நடந்திருக்கலாம் என்று நினைக்கிறவளுக்குத்தானே வருத்தம் வரும்? விஞ்ஞானக் கதையும் அந்த இடத்திலிருந்துதான் தொடங்குகிறது, விடுதலை அரசியலும் அங்கிருந்துதான். நம்ம பிள்ளைகள் எதிர்காலத்தைப் பற்றிக் கதை எழுதணும். அதில் ரோபோ இருக்கட்டும், நிலா இருக்கட்டும். முடியாது என்று சொல்கிற ஒரு ஆயாவும் இருக்கணும்.