சந்தேகப்படத் தெரிந்த ஆள் எங்கே?

பென்ஷன் வாங்கும் நம்மிடம் வங்கிகள் காட்டுகிற கறாரைப் பார்த்தால், இந்த நாட்டில் ஒரு ரூபாய் திருட்டுப் பணம்கூட வங்கிக்குள் நுழைய முடியாது என்றுதான் தோன்றும். ஆதார் நகல், பான் நகல், புதுப் போட்டோ, போன தடவை கொடுத்த அதே கே.ஒய்.சி. மறுபடியும். ஏன் என்று கேட்டால், "ரூல் சார்" என்று பதில் வரும். ஆனால் "டிஜிட்டல் அரெஸ்ட்" என்று மிரட்டி ஒரு பெரியவரிடம் பறித்த சேமிப்பு, யாரோ ஒருவர் பெயரில் புதிதாகத் தொடங்கிய கணக்கில் காலையில் விழுந்து, மதியத்துக்குள் பத்து இருபது கணக்குகளாகப் பிரிந்து போய்விடுகிறது. அதுவும் ஒரு வங்கிக் கணக்குதான். அங்கே அந்த ரூல் எங்கே போயிற்று?

முப்பது வருஷத்துக்கு மேல் வங்கியில் குப்பை கொட்டியவன் என்பதால் இதைச் சொல்கிறேன். சட்டத்தில் பெரிய குறை இல்லை. சந்தேகப்படத் தெரிந்த மனிதர்களை வங்கிகளே கிளைகளிலிருந்து அப்புறப்படுத்திவிட்டன என்பதுதான் குறை.

சட்டம் என்ன சொல்கிறது என்று முதலில் பார்த்துவிடுவோம். பணமோசடித் தடுப்புச் சட்டம் 2002-ல் இயற்றப்பட்டு, 2005 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன்பே, 2004 நவம்பரில், மத்திய நிதி அமைச்சகத்தின் கீழ் நிதிப் புலனாய்வுப் பிரிவு என்ற அலுவலகம் டில்லியில் அமைந்தது. வங்கிகள் அதற்கு முக்கியமாக இரண்டு வகை அறிக்கைகளை அனுப்ப வேண்டும். ஒன்று, 10 லட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட ரொக்கப் பரிவர்த்தனை. இது மாதாமாதம் தானாகப் போகும்; யார் மேலும் குற்றச்சாட்டு அல்ல. பெண் கல்யாணத்துக்கு நம் பணத்தை நாம் எடுத்தால் பயப்பட ஒன்றுமில்லை. அறிக்கையில் மாட்டக் கூடாது என்று ஒன்பது லட்சம், எட்டு லட்சம் என்று பிரித்து எடுப்பதுதான் சந்தேகத்தைக் கிளப்பும். அந்த யோசனை சொல்பவர் பேச்சைக் கேட்காதீர்கள்.

இன்னொன்று, சந்தேகப் பரிவர்த்தனை அறிக்கை. இதற்குத் தொகை வரம்பே கிடையாது. ரொக்கமோ, காசோலையோ, ஆன்லைனோ, முயற்சி செய்து நடக்காமல் போனதோ, எதுவானாலும் வாடிக்கையாளரின் தொழிலுக்கும் வருமானத்துக்கும் பொருந்தாவிட்டால் எழுதி அனுப்ப வேண்டும். அனுப்பிய விஷயம் வாடிக்கையாளர் காதுக்குப் போகக் கூடாது. நல்ல எண்ணத்தில் எழுதிய வங்கி ஊழியர் மேல் வழக்குப் போட முடியாது. சட்டமே அந்தப் பாதுகாப்பைக் கொடுத்திருக்கிறது. நிதிப் புலனாய்வுப் பிரிவு அதை ஆராய்ந்து அமலாக்கத் துறைக்கோ, வருமான வரித் துறைக்கோ, போலீசுக்கோ தகவல் தரும்.

கவனியுங்கள். இந்த முழு ஏற்பாடும் "பொருந்தவில்லை" என்ற ஒரே சொல்லின் மேல் நிற்கிறது. பொருந்தவில்லை என்று தெரிய, எது பொருந்தும் என்று தெரிந்திருக்க வேண்டும் அல்லவா?

நான் வேலை பார்த்த டெல்டா கிளையில் எங்கள் ஹெட் கேஷியருக்கு அது தெரியும். ஆடி மாதம், வயலில் பயிர் பச்சையாக நிற்கும்போது, நெல் வியாபாரி கணக்கில் கட்டுக் கட்டாக ரொக்கம் விழுந்தால், சலானைக் கையில் வைத்துக்கொண்டு மேனேஜர் அறைக்குப் போய்விடுவார். கம்ப்யூட்டர் இல்லாத காலம், இந்தச் சட்டமும் இல்லாத காலம். ஆனால் யாருக்கு என்ன வரும்படி, எந்த மாதம் வரும் என்பது அவருக்கு மனப்பாடம்.

இன்று கவுன்டரில் இருக்கும் பிள்ளை வந்து ஆறு மாதம்கூட ஆகியிருக்காது. அடுத்த வருஷம் வேறு ஊர். மாதக் கடைசிக்குள் இத்தனை புதுக் கணக்கு, இத்தனை இன்சூரன்ஸ் பாலிசி என்று டார்கெட். புதுக் கணக்குத் தொடங்க வந்தவனைச் சந்தேகப்பட்டுத் திருப்பி அனுப்பினால் அந்தப் பிள்ளைக்குத் திட்டுத்தான் கிடைக்கும். சந்தேகப்படும் வேலையை மென்பொருளிடம் கொடுத்தாகிவிட்டது. அது தள்ளுகிற எச்சரிக்கைக் குவியலை எங்கோ தலைமை அலுவலகத்தில் உட்கார்ந்து ஒருவர் தட்டித் தட்டி மூடுகிறார்.

"கிளையில் இருப்பவனே கூட்டாளியானால்?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. 2015-ல் டில்லி அசோக் விஹாரில் பாங்க் ஆஃப் பரோடா கிளை விவகாரம் வெளிவந்தது. 59 கணக்குகள் வழியாக, இறக்குமதிக்கு முன்பணம் என்ற பெயரில், சுமார் 6,000 கோடி ரூபாய் பெரும்பாலும் ஹாங்காங்குக்குப் போனது. ஒவ்வொரு தவணையும் ஒரு லட்சம் டாலருக்குக் கீழே இருக்கும்படி பார்த்துக்கொண்டார்கள். கிளை அதிகாரிகளே கைதானார்கள். சரி, மனிதன் தவறினான். ஒரு சாதாரண கிளையிலிருந்து இத்தனை கோடி வெளியேறியபோது மேலே இருந்த மென்பொருளும் ஆய்வாளர்களும் என்ன செய்தார்கள்? இரண்டு காவலும் வேண்டும் என்பதற்குத்தான் இது சாட்சி. ஒன்றை எடுத்துவிட்டு மற்றதை நம்பச் சொல்வதற்கு அல்ல.

வெளிநாட்டிலும் இதே கதைதான். அமெரிக்க நிதித்துறைக்கு வங்கிகள் அனுப்பிய 2,100-க்கும் அதிகமான இரகசிய அறிக்கைகள் 2020-ல் கசிந்தன. அவற்றில் இருந்த தொகை 2 லட்சம் கோடி டாலர். பெரிய வங்கிகள் சந்தேகம் என்று எழுதி அனுப்பிவிட்டு, அதே ஆட்களின் பணத்தைத் தொடர்ந்து அனுப்பிக் கட்டணமும் வாங்கியிருந்தன. "நான் சொல்லிவிட்டேன், என் கடமை முடிந்தது" என்ற கணக்கு. தன்னைக் காத்துக்கொள்ள எழுதும் அறிக்கை யாரையும் காப்பாற்றாது.

நம் விதியிலும் ஓர் ஓட்டை பல வருஷம் இருந்தது. அறிக்கைக்கு ஏழு வேலை நாள் கெடு. அதுவும் பணம் நகர்ந்த நாளிலிருந்து அல்ல, "இது சந்தேகத்துக்குரியது" என்று அதிகாரி முடிவுக்கு வந்த நாளிலிருந்து! முடிவுக்கே வராவிட்டால் கெடுவும் ஓடாது. திருட்டுப் பணமோ ஒரு மணி நேரத்தில் ஓடிவிடுகிறது. தவறினால் சட்டப்படி அபராதம் ஒரு தவறுக்குப் பத்தாயிரம் ரூபாயிலிருந்து ஒரு லட்சம் வரை. ஒரு பெரிய வங்கிக்கு இது வெற்றிலை பாக்குச் செலவு.

நான் கேட்பது மூன்றுதான். திருடனுக்குக் கணக்குத் திறந்து கொடுத்த வங்கி, அங்கே வந்து போன பணத்துக்குப் பதில் சொல்லட்டும். இழந்தவரை மட்டும் "ஏன் அனுப்பினீர்கள்" என்று கேட்பது போதாது. புதுக் கணக்கில் முதல் பெரிய தொகை வந்தால், அது வெளியே போகுமுன் ஒரு மனிதர் பார்க்கட்டும். சந்தேகத்தை எழுதி மேலே அனுப்பும் கிளை ஊழியருக்கு, பாலிசி விற்றவருக்குக் கிடைக்கும் பாராட்டில் பாதியாவது கிடைக்கட்டும்.

அதுவரை நம் காவல் நம்மிடம்தான். டிஜிட்டல் அரெஸ்ட் என்று சட்டத்தில் ஒன்றுமே கிடையாது. பணம் போய்விட்டால் வெட்கப்பட்டு உட்காராமல் உடனே 1930-க்குப் போன் செய்யுங்கள். அடுத்த தடவை கே.ஒய்.சி. நகல் கேட்கும்போது, கொடுத்துவிட்டு, மேனேஜரிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள்: "என்னைத் தெரிந்துகொண்டீர்கள், சந்தோஷம். என் பணத்தைத் திருடுகிறவனையும் இப்படித்தான் விசாரித்தீர்களா?"