அப்பா பேர்ல 'சென்செய்'... பாளையங்கோட்டை டு ஜப்பான், இங்கிலீஷ் டீச்சர் வேலை நிஜத்துல எப்படி?

என் காலேஜ் தோழி ஒருத்தி, அசல் பாளையங்கோட்டைக்காரி. இப்போ மேற்கு ஜப்பான்ல ஒரு சின்ன ஊர்ப் பள்ளியில இங்கிலீஷ் டீச்சர். போன முதல் வாரமே வாட்ஸ்அப்ல ஒரு வாய்ஸ் நோட் வந்தது. ஒரே சிரிப்பு. ஸ்கூல்ல எல்லாரும் அவளை அவங்க அப்பா பேர் சொல்லித்தான் கூப்பிடுறாங்களாம்!

விஷயம் இதுதான். நமக்கு குடும்பப் பெயர்னு ஒண்ணு கிடையாது, இனிஷியல்தான். பாஸ்போர்ட் எடுக்கும்போது 'சர்நேம்' கட்டத்துல அப்பா பேரை விரிச்சு எழுதிடுறோம். ஜப்பான்ல குடும்பப் பெயரைச் சொல்லி, பின்னாடி 'சென்செய்' சேர்த்துத்தான் ஆசிரியரைக் கூப்பிடுவாங்க. அப்பா பேர் சுடலைமுத்துன்னு வெச்சுக்குவோம். அந்த மொழியில 'ல'வும் கிடையாது, 'ட'வும் நம்ம 'ட' மாதிரி வராது. ஆக, காலையில வராந்தாவுல எதிர்ப்படுற முப்பது பசங்களும் குனிஞ்சு வணங்கி, "சுதராய்முத்து சென்செய்"னு சொல்லுவாங்க. ஊர்ல அப்பாவுக்கு இதைச் சொன்னப்போ, மனுஷன் ரெண்டு நாள் தெருவுல நெஞ்சை நிமித்திட்டு நடந்தாராம்.

கேட்க ஜாலியா இருக்கு. ஆனா இப்போ நம்ம பக்கத்துல எம்.ஏ. இங்கிலீஷ், பி.எட் முடிச்ச நிறைய பேர் இந்த வேலையை விசாரிக்க ஆரம்பிச்சிருக்காங்க. அதனால இதைக் கொஞ்சம் சீரியஸாவே பார்க்கலாம்.

திடீர்னு ஏன் ஜப்பான்?

2025 ஆகஸ்ட்ல பிரதமர் மோடி டோக்கியோ போனப்போ, ரெண்டு நாடும் சேர்ந்து ஒரு மனிதவளத் திட்டத்தை அறிவிச்சாங்க. 5 ஆண்டுகள்ல ரெண்டு பக்கமும் சேர்த்து 5 லட்சம் பேர் போய் வரணும், அதுல இந்தியாவுல இருந்து 50 ஆயிரம் பேர் திறன் சார்ந்த வேலைகளுக்கு ஜப்பான் போகணும்னு இலக்கு. நர்ஸிங், ஐ.டி., ஃபேக்டரி வேலைகளோட நடுவுல, பலர் கவனிக்காத ஒரு வரியும் அதுல இருந்தது: 'ஜெட்' திட்டத்துல இங்கிலீஷ் கற்பிக்க இந்தியர்களை ஊக்குவிப்பது.

'ஜெட்' 1987-ல ஜப்பான் அரசு ஆரம்பிச்ச திட்டம். வெளிநாட்டுப் பட்டதாரிகளைக் கூட்டிட்டு வந்து அரசுப் பள்ளிகள்ல உதவி ஆசிரியரா அமர்த்துவாங்க. சுருக்கமா 'ஏ.எல்.டி.' ஓராண்டு ஒப்பந்தம், அதிகபட்சம் 5 ஆண்டு. இத்தனை காலமா இதுல பாதிப் பேருக்கு மேல அமெரிக்கர்கள். இந்தியர்களோட பங்கு ரொம்பச் சின்னது.

ஆள் ஏன் தேவைப்படுதுன்னா, 2020-ல இருந்து அங்க 5, 6-ஆம் வகுப்புகளுக்கே இங்கிலீஷ் முறையான பாடம் ஆகிடுச்சு. இவ்வளவு செலவு செஞ்சும், 2024-ல வெளியான ஒரு சர்வதேச ஆங்கிலத் திறன் பட்டியல்ல 116 நாடுகள்ல ஜப்பானுக்கு 92-வது இடம்தான்.

நம்ம ஊருக்கு டீச்சரை ஏற்றுமதி பண்றது ஒண்ணும் புதுசில்ல. செயின்ட் ஜான்ஸ், சேவியர்ஸ், சாரா டக்கர்னு கல்லூரிகள் வரிசையா நிக்கிற பாளையங்கோட்டைக்கு 'தென்னிந்தியாவின் ஆக்ஸ்ஃபோர்டு'ன்னு ஒரு பட்டமே உண்டு. அங்க படிச்சவங்க எல்லாருக்கும் வேலை கொடுக்க தாமிரபரணிக் கரையில இடம் போதாது. எத்தியோப்பியாவுல மன்னர் ஹெய்லி செலாஸி காலத்துலயே இந்திய ஆசிரியர்கள் போய்ப் பாடம் எடுத்தாங்க. மாலத்தீவு கதை நம்ம தலைமுறைக்கே தெரியும். திருவனந்தபுரம் போய் ஃபிளைட் ஏறினா கொஞ்ச நேரத்துல மாலே. தெருவுக்கு ஒரு 'மாலத்தீவு டீச்சர்' இருந்த காலம் அது. அந்தக் கதவு முன்ன மாதிரி இல்லாத நேரத்துலதான் ஜப்பான் பேச்சு வருது.

முதல் பூட்டு: டி.சி.

இங்கதான் எனக்கு ஒரு உறுத்தல். பள்ளியில மொழி கற்பிக்கிறதுக்கான ஜப்பான் விசா விதியில ஒரு நிபந்தனை உண்டு: எந்த மொழியைக் கற்பிக்கிறீங்களோ, அந்த மொழி வழியாவே 12 ஆண்டுகள் படிச்சிருக்கணும். இங்கிலீஷ் தாய்மொழியா இல்லாத நாட்டுக்காரங்ககிட்ட தனியார் நிறுவனங்கள் முதல்ல கேட்கிற பேப்பர் இதுதான்.

இப்போ நம்ம கணக்கைப் போட்டுப் பாருங்க. ஒண்ணாம் வகுப்புல இருந்து மெட்ரிக் பள்ளியில படிச்சவங்களுக்குப் பிரச்னை இல்லை. ஆறாம் வகுப்புல இங்கிலீஷ் மீடியம் மாறினவங்களுக்கு பள்ளியில 7, இளங்கலை 3, முதுகலை 2... சரியா 12. ஒரு வருஷம் குறைஞ்சாலும் போச்சு. பிளஸ் டூ வரைக்கும் தமிழ் மீடியம், காலேஜ்ல மட்டும் இங்கிலீஷ்னா, எம்.ஏ.ல கோல்டு மெடலே வாங்கியிருந்தாலும் 5 வருஷம்தான் கணக்குல வரும். தமிழக அரசுப் பள்ளிகள்ல இங்கிலீஷ் மீடியம் பிரிவுகள் பரவலா வந்ததே 2012-13-ல. அன்னிக்கு ஒண்ணாம் வகுப்புல சேர்ந்த குழந்தைகள் 2024-லதான் பிளஸ் டூ முடிச்சாங்க. இன்னும் டிகிரியே முடிக்கலை.

இன்னொரு வேடிக்கையும் இருக்கு. தமிழ்வழியில படிச்சதுக்கு இங்க அரசு வேலையில 20 சதவிகிதம் முன்னுரிமை உண்டு. அதே டி.சி.யில அதே 'பயிற்று மொழி' கட்டம், அங்க விசாவுக்குத் தடை. கிராமத்துல இருந்து வந்து, இங்கிலீஷைக் கஷ்டப்பட்டுக் கத்துக்கிட்டவங்கதான் அதைக் கத்துக்கிறதோட வலியும் தெரிஞ்சவங்க. தடுமாறுற ஜப்பான் பசங்களுக்கு அவங்களைவிட நல்ல டீச்சர் யார்? ஆனா விசா விதிக்கு அதெல்லாம் தெரியாது. நீங்க தயாராகுறீங்கன்னா, படிச்ச ஒவ்வொரு பள்ளியிலயும் 'பயிற்று மொழி' சான்றிதழை இப்பவே வாங்கி வெச்சிருங்க. மூடிப்போன நர்சரி பள்ளி ஒண்ணுக்காக என் தோழி மூணு மாசம் அலைஞ்சா.

பணம் எவ்வளவு?

'ஜெட்' முதல் ஆண்டுச் சம்பளம் 2025-ல இருந்து சுமார் 40 லட்சம் யென். ஒரு யென் நம்ம காசுல 60 பைசாவுக்கும் கீழ. அதாவது மாசம் கிட்டத்தட்ட 1.9 லட்சம் ரூபாய், போக வர டிக்கெட்டும் அவங்களே. தனியார் ஏஜென்சி வழியா பள்ளிகளுக்குப் போறவங்களுக்கு இது நல்லாவே குறையும். வரி, ஹெல்த் இன்ஷூரன்ஸ், பென்ஷன் பிடித்தம் ரெண்டு பேருக்கும் உண்டு. ரெண்டாவது வருஷம் ஜூன்ல இருந்து 'உள்ளூர்வாசி வரி'ன்னு ஒண்ணு புதுசா வந்து சேரும். முதல் வருஷச் சம்பளத்தை வெச்சு கணக்குப் போட்டு நகைக்கடன், வீட்டுக்கடன்னு வாங்கினவங்க அப்போதான் முழிப்பாங்க.

ஒண்ணை மட்டும் அழுத்திச் சொல்லிடுறேன். 'ஜெட்'டுக்கு டெல்லி ஜப்பான் தூதரகம் வழியாத்தான் விண்ணப்பம். நடுவுல ஏஜென்ட்டே கிடையாது. வண்ணாரப்பேட்டையில ஒரு மாடியறையில உட்கார்ந்துட்டு, "மூணு லட்சம் கொடுங்க, ஜெட் சீட் கன்ஃபர்ம்"னு யாராவது சொன்னா, டீ மட்டும் குடிச்சிட்டு எந்திரிச்சு வந்துருங்க.

முதல் மாசம்

வீடு முடிவானதும் 14 நாளைக்குள்ள நகராட்சி அலுவலகத்துல முகவரியைப் பதியணும். அது முடிஞ்சாத்தான் மத்ததெல்லாம் நகரும். அப்புறம் நம்ம ஊர் முட்டை-கோழி கதை: பேங்க் அக்கவுன்ட் திறக்க போன் நம்பர் வேணும், போன் கனெக்‌ஷனுக்கு பேங்க் அக்கவுன்ட் வேணும். நாட்டுக்குள்ள வந்து ஆறு மாசம் ஆகலைன்னா பல வங்கிகள் கையை விரிச்சிடும். கடைசியில போஸ்ட் ஆபீஸ் பேங்க்தான் காப்பாத்தும். தனியா வீடு எடுத்தா அட்வான்ஸ், அதுக்கு மேல திரும்பவே வராத 'நன்றிப் பணம்', ஜாமீன் நிறுவனத்துக்கு ஒரு தொகை. சில வீட்டுல பல்புகூட நாமதான் வாங்கி மாட்டணும். முதல் சம்பளம் வர ஒரு மாசத்துக்கு மேல ஆகலாம். ஆக, கையில ரெண்டு மாசச் செலவுக்குக் காசு இல்லாம கிளம்பக் கூடாது.

குப்பை தனி அத்தியாயம். எரியிறது, எரியாதது, பிளாஸ்டிக், பாட்டில்னு பிரிச்சு, அந்தந்த கிழமைதான் போடணும். தப்பாப் போட்டா, பையில ஸ்டிக்கர் ஒட்டி அங்கேயே விட்டுட்டுப் போயிடுவாங்க. தெருவே பார்க்கும். நம்ம தோழி பை ரெண்டு நாள் அப்படி நின்னுச்சாம்.

சாப்பாட்டுல ஆச்சர்யம் என்னன்னா, ஆகஸ்ட்ல போய் இறங்கினா சுத்தி பச்சைப்பசேல்னு வயல். அம்பாசமுத்திரம் பக்கம் கார் பருவத்துல நிக்கிற மாதிரியே இருக்குமாம். ஆனா அந்த அரிசி ஒட்டுற அரிசி. சொதி ஊத்திப் பிசைஞ்சா களி ஆகிடும். அதுவும் மலிவில்ல, 2025-ல அங்க அரிசி விலை முந்தைய ஆண்டைப்போல ரெண்டு மடங்கு ஆகி, 5 கிலோ 4,000 யென்னைத் தாண்டிடுச்சு. பள்ளியில மதியம் எல்லாருக்கும் ஒரே சாப்பாடு, வகுப்பறையிலயே. மீன் தின்னி நமக்குச் சிக்கல் இல்லை. சைவம்னா முன்கூட்டியே சொல்லி டப்பா கட்டிட்டுத்தான் போகணும், ஏன்னா காய் சூப்லயும் மீன் சாறு இருக்கும். குளிர்காலத்துல இட்லி மாவு பொங்காது. 'கொதாட்சு'ன்னு, அடியில ஹீட்டர் வெச்சு மேல மெத்தை போட்ட ஒரு குட்டி மேஜை இருக்கு. அதுக்குள்ள மாவுச் சட்டியை வெச்சுப் பொங்க வைக்கிறது இவ கண்டுபிடிப்பு.

மொழி? நாம பயப்படுற அளவுக்கு இல்லை. வினைச்சொல் கடைசியில வரும், வேற்றுமை உருபு மாதிரி சின்னச் சின்ன ஒட்டு வரும். தமிழ்ல யோசிச்சாலே பாதி வாக்கியம் அமைஞ்சிடும். சுசுமு ஓனோங்கிற ஜப்பானிய அறிஞர் ரெண்டு மொழிக்கும் உறவே உண்டுன்னு வாதாடினார். பெரும்பாலான மொழியியலாளர்கள் அதை ஏத்துக்கலை. அது கிடக்கட்டும், பேச்சு வரும். எழுத்துதான் ஆளைக் கொல்லும்.

வகுப்பறைக்குள்ள...

இங்க அம்பது பசங்க "குட்மார்னிங் மிஸ்ஸ்ஸ்"னு கூரை பறக்கக் கத்துவாங்க. அங்க கேள்வி கேட்டா நிசப்தம். தப்பாச் சொல்லிடுவோமோன்னு கூச்சம். நீங்க உதவி ஆசிரியர்தான், வகுப்பு ஜப்பானிய ஆசிரியரோடது. சில நாள் பாடத்தை வாசிச்சுக் காட்டுற டேப் ரெக்கார்டர் வேலை மட்டும்தான். பி.எட் படிச்சு, டீச்சிங் பிராக்டீஸ்ல சார்ட் எழுதி எழுதிக் கை ஓய்ஞ்சவங்களுக்கு இது குத்தும். அவளுக்கும் குத்துச்சு.

அப்புறம் உச்சரிப்பு. 'இங்கிலீஷ் டீச்சர்னா வெள்ளைக்காரர்'ங்கிற எண்ணம் அங்க இன்னும் பலமா இருக்கு. இந்தியான்னா கறி, கம்ப்யூட்டர், அப்புறம் வாய்ப்பாடு. இந்தியர்கள் எல்லாரும் 19 x 19 வரைக்கும் மனப்பாடமாச் சொல்லுவாங்கன்னு பசங்க நம்புறாங்க. பதினாறாம் வாய்ப்பாட்டுலயே தடுக்கி விழுற நாம என்ன பண்ண? இவ ராத்திரி உட்கார்ந்து படிச்சிட்டுப் போனா. அதுலதான் முதல் முறையா ஒரு பையன் வாயைத் திறந்து இங்கிலீஷ்ல எண்ணைச் சொன்னானாம். அவ அனுப்பினதுலயே ரொம்ப நீளமான வாய்ஸ் நோட் அதுதான்.

காத்து மாறுது

நல்லது மட்டும் சொல்லிட்டுப் போக முடியாது. 2025 ஜூலை மேலவைத் தேர்தல்ல 'ஜப்பானியர்களே முதல்'ங்கிற கோஷத்தோட நின்ன சான்செய்தோ கட்சி 14 இடம் ஜெயிச்சது. அடுத்த மாசமே, ஆப்பிரிக்க நாடுகளோட சில ஜப்பான் ஊர்களை இணைக்கிற ஒரு பரிமாற்றத் திட்டத்தைப் பத்தி வதந்தி கிளம்பி, எதிர்ப்பு தாங்காம அதைக் கைவிட்டாங்க. 'இந்தியாவுல இருந்து 5 லட்சம் பேர்'ங்கிற செய்திக்கும் அங்க சமூக வலைதளத்துல கோபம் வந்தது. அது ரெண்டு பக்கமும் சேர்த்துச் சொன்ன எண்ணிக்கைங்கிறது யாருக்கும் படலை.

சின்ன ஊர்ல தினசரி வாழ்க்கையில இது முகத்துக்கு நேரா வராது. பக்கத்து வீட்டுப் பாட்டி முள்ளங்கி கொண்டுவந்து கொடுப்பாங்க. பஸ்ல பக்கத்து சீட் மட்டும் காலியாவே இருக்கும். ரெண்டும் ஒரே ஊர்தான். டோக்கியோவோட நிஷி-கசாய் மாதிரி இந்தியர்கள் நிறைஞ்ச பகுதியில இருந்தா இந்தத் தனிமை தெரியாது. ஆனா டீச்சரை அனுப்புறது பெரும்பாலும் மலைக்கும் கடலுக்கும் நடுவுல இருக்கிற ஊர்களுக்கு.

எனக்குப் பெரிய கேள்வி திரும்பி வர்றதைப் பத்தினது. 5 வருஷம் முடிஞ்சு வந்தா, அந்த அனுபவத்தை இங்க எந்தக் கட்டத்துல எழுதுறது? அரசுப் பள்ளி வேலைக்கு டெட், போட்டித் தேர்வு எல்லாம் முதல்ல இருந்து எழுதணும். தனியார் பள்ளியில 'ஜப்பான் ரிட்டர்ன்'னு பேனர்ல போடுவாங்க, சம்பளத்துல போடுவாங்களான்னு தெரியாது. இதைத் தெரிஞ்சவங்க அங்க இருக்கும்போதே ஜப்பானிய மொழித் தேர்வுல என்-3, என்-2-ன்னு ஏறிடுறாங்க. அப்படி ஏறினா, மொழிபெயர்ப்பு, ஜப்பான் கம்பெனிகள்ல ஒருங்கிணைப்பு வேலைன்னு வேற கதவு திறக்கும். டீச்சராப் போனவங்க டீச்சராவே திரும்புறது மட்டும்தான் கஷ்டமா இருக்கு. டீச்சிங் பிடிச்சுப் போய்த்தான் போனோம்ங்கிறவங்களுக்கு இது சின்ன விஷயமில்ல.

இவளுக்கு இப்போ ரெண்டாவது ஒப்பந்தம். ராத்திரி எட்டு மணிக்கு சீரியல் இடைவேளையில அம்மா போன் போட்டா, அங்க பதினொன்றரை. தூக்கத்துல எடுத்து, "சாப்பிட்டேம்மா"ன்னு சொல்லுவா. அம்மா அடுத்துக் கேட்கிறது எப்பவும் ஒண்ணுதான்: "எப்ப வருத?" போன வாரம் அவ அதுக்குப் பதில் சொல்லாம, என்-3 புக் லிங்க்கை எனக்கு அனுப்பியிருந்தா. கூடவே ஒரு வரி: "ஏட்டி, அப்பாட்ட சொல்லிராத."