டாட்டூ போடப் போறீங்களா? புது ஊசி மட்டும் போதாது!

2024 டிசம்பரில், டாட்டூ கடையில் நாக்கைப் பிளந்து வீடியோ வெளியிட்டதாக திருச்சியில் இருவர் கைதானார்கள். கடைக்கும் சீல் வைக்கப்பட்டது. அது அப்பட்டமான அத்துமீறல். ஆனால், சாதாரண டாட்டூவிலும் ஆபத்து இருக்கு.

ஆபத்து எங்கே?

ஊசி, தோலின் மேலடுக்கைத் தாண்டி சுமார் 1 முதல் 2 மில்லிமீட்டர் ஆழத்தில் மையை இறக்குகிறது. அப்போது ரத்தம் கசியும். அதில் ஹெபடைடிஸ் பி வைரஸ் இருந்தால், உடலுக்கு வெளியே குறைந்தது 7 நாள் உயிர்ப்போடு இருக்கும்.

புதியவர்கள் சறுக்குவது எதில்?

ஐயப்பன்தாங்கலில் வீட்டு மாடியில் தொழில் பழகுபவருக்கும் மெஷின் கிட் ஆன்லைனில் வந்துவிடும். சுத்தப் பழக்கம் அதோடு வராது. ஊசியை மாற்றிவிட்டு, ரத்தம் பட்ட கையுறையோடு மை பாட்டிலைத் தொட்டால்? மீதி மையை பாட்டிலிலேயே திரும்ப ஊற்றினால்? அடுத்தவருக்கும் தொற்று போகலாம்.

என்ன செய்யணும்?

* ஆளுக்கு ஒரு மை கப். மீதியைக் கொட்டிவிட வேண்டும்.
* மெஷின், வயர் மேல் பிளாஸ்டிக் உறை. ஆளுக்கு ஆள் மாற்ற வேண்டும்.
* திரும்பப் பயன்படுத்தும் ஸ்டீல் கருவிகளுக்கு ஆட்டோகிளேவ்: 121 டிகிரி செல்சியஸ் நீராவி அழுத்தத்தில், குறைந்தது 15 நிமிடம். வெந்நீரில் போட்டு எடுப்பது போதாது.
* முதலில் செயற்கைத் தோலில் பழகுங்க. ஹெபடைடிஸ் பி தடுப்பூசியும் போட்டுக்கோங்க.

வாடிக்கையாளர் கவனத்துக்கு

ஊசி பாக்கெட்டை உங்க கண் முன்னே பிரிக்கச் சொல்லுங்க. டாட்டூ போட்டபின் 12 மாதம் ரத்ததானம் செய்யக் கூடாது என்கின்றன இந்திய வழிகாட்டுதல்கள். புதிதாகத் தொற்றிய கிருமி, ஆரம்பத்தில் பரிசோதனையில் தெரியாமல் போகலாம் என்பதே காரணம்.