வளாகம் பெரிது, வாசல் யாருக்கு?

இரவு ஷிப்டு முடித்து ராஜபாளையத்தில் மதுரை பஸ் ஏறும் மில் தொழிலாளி, ஸ்ரீவில்லிபுத்தூரைத் தாண்டியதும் கிருஷ்ணன்கோவிலில் கலசலிங்கம் பல்கலைக்கழகத்தைப் பார்க்கிறார். மலையடிவாரத்தில் ஆய்வுக்கூடங்கள், நூலகம், விடுதிகள், மைதானம். தனி ஊர் போலவே இருக்கிறது.

1984ல் பொறியியல் கல்லூரியாகத் தோன்றியது. 2006ல் நிகர்நிலைப் பல்கலைக்கழகமாயிற்று. காது கேளாத, வாய் பேசாத மாணவர்களுக்கும் பொறியியல் கற்பிக்க அங்கே தனி ஏற்பாடு உண்டு. நல்லதை நல்லதென்றே சொல்வோம்.

ஆனால் ஒரு கேள்வி. ஒற்றை அறை வீட்டில், ஷிப்டு முடிந்த தகப்பன் தூங்கும்போது ஓரத்தில் உட்கார்ந்து படிக்கும் பிள்ளைக்கல்லவா விடுதியும் நூலகமும் முதலில் வேண்டும்? களையெடுக்கும் தாயின் கூலியில் கட்டணம் கட்ட முடியுமா?

6 முதல் 12ம் வகுப்பு வரை சர்க்கார் பள்ளியில் படித்தவர்களுக்கு 2021 முதல் பொறியியலில் 7.5 சதவீத இட ஒதுக்கீடு உண்டு. கலந்தாய்வில் இந்த இடம் பெற்றவரின் படிப்பு, விடுதிக் கட்டணங்களைச் சர்க்காரே கட்டுகிறது. உழைப்பாளி மக்கள் பெற்ற நல்ல உரிமை இது. நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களோ அந்தக் கலந்தாய்வுக்கு வெளியே நின்று, தாமே மாணவர்களைச் சேர்க்கின்றன.

இது ஒரு நிறுவனத்தின் மீதான புகார் அல்ல, சட்டத்திலுள்ள இடைவெளி. நிகர்நிலைப் பல்கலைக்கழக இடங்களில் ஒரு பகுதியைக் கலந்தாய்வுக்குக் கொண்டுவர மத்திய, மாநில சர்க்கார்கள் சட்டம் செய்ய வேண்டும்.

தோழர்களே! அதுவரை சும்மா இருக்க வேண்டாம். பன்னிரண்டாம் வகுப்பு முடிக்கும் நம் பிள்ளைகள் ஒருவர் விடாமல் கலந்தாய்வுக்கு விண்ணப்பிக்கச் சங்கங்கள் துணை நிற்கட்டும். சுவர் எழுப்பிய கைகளின் பிள்ளைகள் வாசலுக்கு வெளியே நிற்கலாகாது!