கடல்மேல் பழி போடாதீர்!

2019 ஆகஸ்ட் 18ஆம் நாள் இரவு. திருவான்மியூர்க் கரையிலே அலைகள் நீலச் சுடர் வீசின. மயிலை மகிழ்ந்தது, அடையாறு ஆர்ப்பரித்தது. நாக்டிலூகா என்னும் நுண்ணுயிர் காட்டிய ஒளி அது. அடுத்த மாதமே மன்னார் வளைகுடாவில் அதே உயிர் பல்கிப் பெருகிற்று, கடல் பச்சையாயிற்று, மீன்கள் மாண்டு மிதந்தன. சென்னையிலே வேடிக்கை, மண்டபத்திலே வேதனை!

கடலின் நிறம் மாற்றும் இன்னொரு குடியும் உண்டு: டிரைக்கோடெஸ்மியம் என்னும் நீலப்பச்சைப் பாசி. 2007 மார்ச்சில் கல்பாக்கம் கடலிலே அது படர்ந்ததை அறிவியலார் ஆராய்ந்தனர். மரத்தூள் தூவியதுபோல் மிதக்கும் அது.

ஏன் மார்ச்சில் வந்தது? வெப்பம், அமைதி, உணவு — மூன்றும் வேண்டும் அதற்கு. பெரும்பாலும் 25 டிகிரி செல்சியசுக்கு மேற்பட்ட நீர், காற்றடங்கிய கடல், தெளிந்த நீரில் பாயும் வெயில். உடலுக்குள் காற்றறைகள் இருப்பதால் அலை ஓய்ந்ததும் மேலே மிதந்துவிடும். நைட்ரசனைக் காற்றிலிருந்து வந்ததைக்கொண்டே தேடிக்கொள்ளும். ஆனால் பாஸ்பரசும் இரும்பும் நீரிலே கிடைத்தாக வேண்டும். செத்து அழுகினாலோ, நீரின் உயிர்வளியைக் குடிக்கும், அமோனியாவைக் கக்கும், அந்த எச்சம் வேறு பாசிகளுக்கு விருந்தாகும்.

"இயற்கையின் செயல், நாம் என் செய்வோம்?" என்று கைவிரிப்போர் உளர். பாதி உண்மை! சாக்கடையே இல்லாத நடுக்கடலிலும் இந்தப் பாசி பூக்கும். கதிரவனுக்குக் கட்டளையிட எவராலும் ஆகாது. காற்றுக்குத் தடையுத்தரவு போடவும் ஆகாது. ஆனால், கரையோரக் கடலுக்குப் பாஸ்பேட்டை அள்ளி அனுப்புவது கதிரவனா? காற்றா? மயிலையைக் கடந்தோடும் பக்கிங்காம் கால்வாயைக் கேளுங்கள். அடையாற்று முகத்துவாரத்தைக் கேளுங்கள். சலவை நுரையும் சாக்கடையும் கைகோத்தல்லவா கடல் புகுகின்றன!

2019 நவம்பர் இறுதியில் பட்டினப்பாக்கம் கரையிலே வெண்ணுரை குவிந்தது. குழந்தைகள் அதில் குதித்தாடினர். அந்தப் பக்கம் மீன்பிடிக்க வேண்டாமென்று மீனவருக்கு எச்சரிக்கை வந்தது. குற்றம் செய்தது நகரம். தண்டனை பெற்றது குப்பம்!

அத்துடன் விட்டனரா? 2023 ஏப்ரலில் நொச்சிக்குப்பம் லூப் சாலையோர மீன் கடைகளை அகற்றினர். போக்குவரத்துக்கு இடையூறாம்! மீன் விற்கும் தாயின் கூடை இடையூறு. கடலுக்குள் கொட்டும் கழிவு இடையூறல்லவோ? கூடையை அகற்ற ஒரு நாள் போதுமாம். கழிவை அகற்ற எத்தனை தலைமுறை வேண்டுமாம்?

பாசிப் பெருக்கத்தைச் செயற்கைக்கோள் வழியே கண்டு சொல்லும் பணியை ஐதராபாத்திலுள்ள இன்காய்ஸ் நிறுவனம் செய்கிறது. அந்தச் செய்தி ஊரூர்க் குப்பத்துக்கும் நொச்சிக்குப்பத்துக்கும் தமிழிலே, அன்றைக்கன்றே வந்து சேரட்டும். மீன் மடிந்து வலை வெறுமையானால் இழப்பீடு கிடைக்கட்டும். சுத்திகரிக்காத ஒரு துளியும் கடல் சேராதிருக்கட்டும்.

தோழர்களே! வெப்பம் நம் கையில் இல்லை. காற்று நம் கையில் இல்லை. கழிவு நம் கையில் இருக்கிறது. கையில் இருப்பதைச் செய்யாதோர் கடலைக் குறைகூறத் தகுதியற்றோர். இதைத் தெருத்தெருவாகச் சொல்லுங்கள், மன்றந்தோறும் முழங்குங்கள்!