தாம்பரத்து வைரஸும் அயல்நாட்டு இலக்கும்

பம்மலிலிருந்து பல்லாவரம், குரோம்பேட்டை வழியாகத் தாம்பரம் போகிறவர்கள் கடந்து செல்லும் சானடோரியம் மருத்துவமனை, 1928-ஆம் ஆண்டில் டாக்டர் சௌரிமுத்து என்பவர் காசநோயாளிகளுக்காக நிறுவிய ஸ்தாபனமாகும். அவர் இங்கிலாந்தில் நடத்திவந்த ஆரோக்கிய நிலையத்தில்தான் கணித மேதை ராமானுஜன் 1917-இல் சிலகாலம் சிகிச்சை பெற்றார் என்பது நம்மில் பலர் அறியாத செய்தி. பின்னர் அரசாங்கத்தின் பொறுப்பில் வந்த அந்த மருத்துவமனை, காசத்தோடு எய்ட்ஸ் என்ற புதிய வியாதியையும் ஏற்றுக்கொள்ள நேர்ந்தது; ஊராரும் உறவினரும் விலக்கிய மனிதர்களுக்குப் படுக்கை கொடுத்தது; 2004 ஏப்ரல் 1-ஆம் தேதி மத்திய அரசு எச்.ஐ.வி. மருந்துகளை இலவசமாக வழங்கத் தொடங்கியபோது, தேசத்தில் முதன்முதலாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட எட்டு மையங்களில் ஒன்றாகவும் விளங்கியது.

இவ்விரு நோய்களும் வைத்தியர்களுக்குப் போதித்த பாடம் ஒன்றே. சென்னைச் சேத்துப்பட்டில் 1956-இல் தொடங்கப்பட்ட காசநோய் ஆராய்ச்சி மையம், ஐசோனியாசிட் என்னும் மருந்தைத் தனியாகக் கொடுத்தும், பாஸ் என்ற வேறொன்றோடு சேர்த்துக் கொடுத்தும் ஒப்பிட்டுப் பார்த்து, தனி மருந்து பின்தங்குவதையும், அதற்கு அடங்காத கிருமிகள் தலையெடுப்பதையும் 1960-ஆம் ஆண்டளவில் உலகத்தின் முன் நிரூபித்தது. எச்.ஐ.வி. விஷயத்திலும், ஒற்றை மருந்தைக் கொடுத்து ஏமாந்த பிறகு, 1996-ஐ ஒட்டி மூன்று மருந்துகளை ஒருங்கே பிரயோகிக்கும் முறை வந்த பின்னர்தான் மரணங்கள் குறையலாயின. ஓயாது உருமாறும் பகைவனை ஒரே சமயத்தில் பல முனைகளில் தாக்கினாலன்றி அவன் தப்பித்துக்கொள்வான்.

இந்தப் பாடத்தை மரபணு விஞ்ஞானம் தன் வழியில் மறுபடியும் கற்றுக்கொண்டிருக்கிறது. ஈரிழை ஆர்.என்.ஏ. உயிரணுவுக்குள் புகுந்தால் அதை அங்குள்ள நொதி சிறு துண்டுகளாக நறுக்குகிறது. ஒவ்வொரு துண்டும் ஏறத்தாழ 21 எழுத்து நீளமுடையது. அந்த வரிசைக்குப் பொருந்துகிற செய்தி ஆர்.என்.ஏ. எதுவாயினும் அது அழிக்கப்பட்டு, அதற்குரிய மரபணு வாய்மூடிப் போகிறது. ஆண்ட்ரூ ஃபயர், கிரெய்க் மெல்லோ ஆகிய இருவரும் 1998-இல் வெளியிட்ட இந்தக் கண்டுபிடிப்புக்கு 2006-இல் நோபல் பரிசு கிடைத்தது. எச்.ஐ.வி.யின் மரபணுக்களை இவ்விதமே அடக்கிவிடலாம் என்று உற்சாகமாகப் புறப்பட்டவர்களை வைரஸ் எளிதில் ஏய்த்துவிட்டது. குறிவைக்கப்பட்ட 21 எழுத்துக்களில் ஒன்றை மாற்றிக்கொண்டோ, அப்பகுதியையே உதறிவிட்டோ அது மீண்டும் பெருகுவதைச் சோதனைச்சாலைகள் சில வாரங்களிலேயே கண்டன. ஆகவே, மூன்று நான்கு இலக்குகளை ஒருசேரத் தாக்கும் கொண்டையூசி வடிவ ஆர்.என்.ஏ.க்களை ஒரே கடத்தியில் ஏற்றி அனுப்புவது என்ற யோசனை பிறந்தது.

ஏற்றி அனுப்புவது என்று ஒரு வார்த்தையில் சொல்லிவிட்டேன். அதன் சிரமம் அவ்வளவு எளிதில் சொல்லித் தீராது. கடத்தியாக அமைவது பெரும்பாலும் லென்டிவைரஸ், அதாவது விஷப்பல் பிடுங்கப்பட்ட எச்.ஐ.வி.யேதான். ஒவ்வொரு கொண்டையூசியையும் இயக்கிவைக்க அதன் முன்னால் புரமோட்டர் என்னும் தொடக்கப் பகுதி வேண்டும். நான்கிற்கும் ஒரே புரமோட்டரை வைத்தால், வைரஸின் நொதி படியெடுக்கும்போது, ஒன்றுபோலிருக்கும் பகுதிகளுக்கிடையே தாவி, நடுவிலிருப்பதை விழுங்கிவிடுகிறது. நான்கு சரக்கோடு புறப்பட்டது ஒன்றோடு போய்ச் சேருகிறது. ஆம்ஸ்டர்டாமைச் சேர்ந்த பெர்க்ஹவுட் குழுவினர், நான்குக்கும் நான்கு வெவ்வேறு புரமோட்டர்களை அமைத்து இந்தச் சங்கடத்தை நீக்கியதை 2008-இல் பிரசுரித்தார்கள். சரக்கை அளவின்றிக் கூட்டவும் இயலாது: 2006-இல் எலிகளின் ஈரலில் 49 விதமான கொண்டையூசிகளைச் செலுத்திப் பார்த்த ஆராய்ச்சியில், அவற்றுள் 23 உயிரையே பறித்துவிட்டன, உயிரணு தன் சொந்தச் சிற்றார்.என்.ஏ.க்களை நடமாட விடுகிற பாதையை அன்னியச் சரக்கு அடைத்துக்கொண்டதே அதற்குக் காரணம். இவற்றையெல்லாம் எண்ணிப் பார்த்த கலிஃபோர்னியாவின் சிட்டி ஆஃப் ஹோப் மருத்துவர்கள், ஒரு கொண்டையூசி, வைரஸை ஏமாற்றும் ஒரு பொய்யிலக்கு, வைரஸ் மனித உயிரணுவுக்குள் புகும் வாயிலாகிய சி.சி.ஆர்.5-இன் செய்தி ஆர்.என்.ஏ.வை வெட்டும் ஒரு ரைபோசைம் என்று மூன்று வெவ்வேறு ஆயுதங்களை ஒரே கடத்தியில் பொருத்தி, அதனால் மாற்றிய உயிரணுக்களை நால்வருக்குச் செலுத்திய முதல் அனுபவத்தை 2010-இல் வெளியிட்டார்கள். மாற்றப்பட்ட உயிரணுக்கள் இரண்டாண்டுவரை சொற்ப அளவில் தங்கியிருந்தன. குணம் என்று சொல்லத்தக்கதல்லவெனினும், வழி திறந்திருப்பதற்கு அது அத்தாட்சி.

இனி என் அபிப்பிராயத்துக்கு வருகிறேன். மேல்நாட்டுச் சோதனைச்சாலைகளில் இலக்குகள் பெரும்பாலும் அங்கே பரவியிருக்கும் பி வகை வைரஸை முன்வைத்தே தேர்ந்தெடுக்கப்பட்டன. தாம்பரத்தில் மருந்துக்கு வரிசையில் நிற்கிறவர்களின் உடம்பிலோ, இந்தியாவில் மிகப் பெரும்பாலாக உள்ள சி வகையே குடிகொண்டிருக்கிறது. வாயில்வழி விழுங்கும் மாத்திரைக்கு இந்த வேற்றுமை பெரிதாக ஒரு பொருட்டல்ல. ஓர் எழுத்து பிசகினாலே பலிதம் குன்றிவிடக்கூடிய இந்தச் சிகிச்சைக்கோ அதுவே சர்வமும். இரு வகைக்கும் பொதுவாக மாறாதிருக்கும் இடங்களைத் தேடித் தேர்ந்தெடுப்பது ஒரு மார்க்கம். சி வகைக்கென்றே இலக்குகளை வகுப்பது மற்றொன்று. எந்த மார்க்கமாயினும், அதற்கு இங்குள்ள வைரஸின் வரிசைகள் வேண்டும். அந்தக் காரியத்தை நாம் செய்யாவிட்டால் நமக்காக வேறு யார் செய்வார்கள்?

தினம் ஒரு மாத்திரையில் மூன்று மருந்துகளும் அடங்கி, அதுவும் இலவசமாகக் கிடைக்கையில் இந்த ஆடம்பரம் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. அந்தக் கேள்வியில் நியாயமும் உண்டு. எலும்பு மச்சையின் உயிரணுக்களை எடுத்து மாற்றித் திரும்பச் செலுத்துமுன் கடுமையான மருந்துகளால் இடம் ஒழித்துக்கொடுக்க வேண்டியிருப்பதால், மாத்திரையால் சௌக்கியமாயிருப்பவரை இன்று இதற்கு அழைப்பது அதர்மமென்றே சொல்வேன். ஆனால் அம்மாத்திரையை நிறுத்தினால் ஒளிந்திருக்கும் வைரஸ் திரும்பிவிடுகிறது. ஆயுள் முழுவதும் நிறுத்தாமல் விழுங்குவதென்பது, ஊர் ஊராகப் பிழைப்பைத் தேடி அலைகிறவனுக்குச் சுலபமான விரதமன்று.

ஆற்றல் நமக்கில்லை என்பாரும் உளர். 1986-இல் டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி டாக்டர் நிர்மலாவும் சென்னையில் சேகரித்த இரத்த மாதிரிகளில் எச்.ஐ.வி. இருப்பதை முதலில் காட்டியது வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் பரிசோதனைக்கூடம். அதே கல்லூரி, ஹீமோஃபிலியா நோயாளிகள் ஐவருக்கு லென்டிவைரஸ் கடத்தியால் மாற்றிய உயிரணுக்களைச் செலுத்தி, இரத்தக்கசிவு நின்ற செய்தியை 2024 இறுதியில் வெளியிட்டிருக்கிறது. அமெரிக்காவில் ஹீமோஃபிலியாவின் இன்னொரு வகைக்கு 2022-இல் அனுமதி பெற்ற மரபணு மருந்தின் விலை 35 லட்சம் டாலர் என்பதை இதனருகே வைத்துப் பார்த்தால், கடத்தியைப் பொதுச் செலவில் இங்கேயே தயாரிக்க வேண்டியதன் அவசியம் விளங்கும்.

ஆதலால் நான் கேட்பது மருந்தையல்ல, அதற்கு முந்தைய இரண்டு ஏற்பாடுகளை. முதலாவது, தாம்பரத்திலும் மாநிலத்தின் மற்ற மையங்களிலும், நோயாளிகளின் மனமுவந்த சம்மதத்தோடு, பெயர் முகவரி எதுவும் வெளிப்படாதவாறு, வைரஸின் வரிசைகளைத் திரட்டி எந்த ஆராய்ச்சியாளரும் பார்க்கும்படி வைத்தல். இரண்டாவது, அரசாங்கத்தின் பணத்தில், கடத்திகளை மனிதருக்குச் செலுத்தத்தக்க தூய்மையோடு தயாரிக்கும் கூடமொன்றை நிறுவி, அதை ஒரு தனி ஸ்தாபனத்தின் ஏகபோகமாக விடாமல், வேலூர் முதல் மதுரை வரையுள்ள ஆராய்ச்சியாளர் அனைவருக்கும் பொதுவாக்குதல். முதலாவதற்குப் பெருஞ்செலவு இல்லை. அதை அடுத்த வரவு செலவுத் திட்டத்துக்குக்கூடக் காத்திராமல் ஆரம்பித்துவிடலாம்.