எட்டாம் நாள் இரவு

டான்சில் அறுவைச் சிகிச்சை என்றதும் நாம் அஞ்சுவது அறுவை நடக்கும் அந்த ஒரு நாளைத்தான். அறைக் கதவு சாத்தப்படும்போது கண் கலங்குகிறோம். நல்லபடியாக வெளியே வந்ததும் 'அல்ஹம்துலில்லாஹ்' என்று மூச்சு விடுகிறோம். ஐந்தாறு நாளில் அதை மறந்தும் விடுகிறோம். ஆனால் விழித்திருக்க வேண்டிய நாட்கள் அப்போதுதான் தொடங்குகின்றன.

ஸ்ரீபெரும்புதூரில் எங்கள் மதரஸா இருக்கும் தெருவில் வெளியூர் இளைஞர்கள் அறைக்கு நான்கைந்து பேராகத் தங்கியிருக்கிறார்கள். ஒரகடம், இருங்காட்டுக்கோட்டைத் தொழிற்சாலைகளில் அவர்களுக்கு ஷிப்ட் வேலை. மாலையில் என்னிடம் ஓத வரும் தென்மாவட்டத்துத் தம்பி ஒருவருக்கு டான்சிலின் பின்புறம் இருமுறை சீழ்க்கட்டி வந்தது. ஒரு பக்கம் மட்டும் காதுவரை வலி, வாயைத் திறக்க முடியாது, எச்சிலும் இறங்காது. இரண்டாம் முறை சீழை ஊசியால் உறிஞ்சி எடுத்த மருத்துவர், சில வாரம் கழித்து டான்சிலையே அகற்றினார்.

எட்டாம் நாள் வலி குறைந்தது. விடுப்பு நீண்டால் சம்பளம் போகுமே என்று தம்பி இரவு ஷிப்டுக்குக் கிளம்பினார். கம்பெனிப் பேருந்துக்குக் காத்திருக்கையில் வாய் உப்புக் கரித்தது. துப்பினால் இரத்தம்! அறைக்குத் திரும்பிக் குளிர்ந்த நீரால் கொப்பளித்தார், நின்றது, படுத்துவிட்டார். நள்ளிரவில் கருஞ்சிவப்பாக வாந்தி எடுத்தார். அறைத் தோழர்கள் என் கதவைத் தட்டினார்கள். 108 வண்டியில் கொண்டு போனோம். மீண்டும் மயக்கம் கொடுத்து இரத்தக் குழாயைக் கட்டி நிறுத்தினார்கள். இறைவன் காப்பாற்றினான்.

அவரை நான் குறை சொல்ல மாட்டேன். மருத்துவமனை கொடுத்த தாளில் எல்லா எச்சரிக்கையும் இருந்தது. ஆனால் ஆங்கிலத்தில்!

இது ஏன் நேர்கிறது? டான்சிலை எடுத்த குழியைப் பிற காயங்களைப்போல் தைத்து மூடுவது வழக்கமில்லை. அது திறந்த புண்ணாகவே ஆறுகிறது. அதன்மேல் வெண்மஞ்சளாக ஒரு படலம் படியும். அதைச் சீழென்று எண்ணிச் சிலர் துடைத்தெடுக்கப் பார்க்கிறார்கள். கூடவே கூடாது, புண்ணுக்கு உடல் போர்த்தும் போர்வை அது. பெரும்பாலும் ஐந்தாம் நாளிலிருந்து பத்தாம் நாளுக்குள் அது உதிரும். அப்போது அடியிலுள்ள இரத்தக் குழாய் திறந்துகொள்ளக்கூடும்.

இங்கிலாந்திலும் வட அயர்லாந்திலும் 2003–2004இல் 33,921 நோயாளிகளை ஆராய்ந்தபோது, நூற்றுக்கு 3.5 பேருக்கு இரத்தக் கசிவு ஏற்பட்டது தெரிந்தது. சிறுவர்களைவிட வளர்ந்தவர்களுக்கும், சீழ்க்கட்டிக்காக அறுவை செய்துகொண்டவர்களுக்கும் அது கூடுதலாக இருந்தது. எங்கள் தெருத் தம்பி இரண்டு வகையிலும் சேர்ந்தவர்.

ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் குர்துபாவில் வாழ்ந்த அபுல் காசிம் அஸ்ஸஹ்ராவி, தமது 'அத்தஸ்ரீப்' நூலில், நாக்கை அழுத்திப் பிடித்து, கொக்கியால் இழுத்து டான்சிலை வெட்டும் முறையை எழுதியிருக்கிறார். இரத்தம் வந்தால் துவர்ப்பு நீரால் கொப்பளிக்கவும் சொன்னார். அந்த மேதை அன்று கையிலிருந்ததைக் கொண்டு செய்தார். 108 வண்டி இருக்கும் காலத்தில் நாம் கொப்பளித்துக்கொண்டு காலம் கடத்தலாகாது.

இரத்தம் கண்டால் நோயாளியை உட்கார வைத்து முன்னே குனியச் சொல்லுங்கள். வாய்க்கு வருவதை விழுங்காமல் துப்பட்டும். மல்லாந்து படுக்கக் கூடாது. உண்ணவோ பருகவோ எதுவும் தரக் கூடாது. உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள். தானே நின்றுவிட்டாலும் போகத்தான் வேண்டும். சிறு கசிவுக்குப் பின் பெரும் பெருக்கு வருவதுண்டு. குழந்தைகளுக்குத் துப்பத் தெரியாது. தூக்கத்தில் அடிக்கடி எதையோ விழுங்கினால், தாய்மார்களே, விளக்கைப் போட்டு வாயைப் பாருங்கள்.

இரண்டு வாரம் ஓய்வு வேண்டும். தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும். வலிக்கிறதென்று கடையில் ஆஸ்பிரின் வாங்கி விழுங்கக் கூடாது. அது இரத்தம் உறைவதைத் தடுக்கும். அந்த நாட்கள் ரமளானில் வந்தால் நோன்பைப் பின்னர் நோற்க நோயாளிக்கு மார்க்கம் சலுகை தந்திருக்கிறது. சம்பளம் போகுமே என்பவர்களுக்கு ஒன்று: இ.எஸ்.ஐ. திட்டத்தில் தகுதியுள்ள தொழிலாளிக்கு, மருத்துவச் சான்று இருந்தால், நோய்க்கால உதவியாகச் சராசரிச் சம்பளத்தில் 70 சதவீதம், ஆண்டுக்கு 91 நாட்கள் வரை உண்டு. தம்பிக்கு இதுவும் தெரிந்திருக்கவில்லை.

மூன்றாம் வாரம் கழித்துத்தான் அவர் வேலைக்குத் திரும்பினார். அந்த ஆங்கிலத் தாளை, எனக்குத் தெரிந்த மருத்துவர் ஒருவரிடம் சரிபார்த்து, தமிழில் எழுதிக் கொடுத்தேன். அறைக் கதவின் உட்புறம் ஒட்டி வைத்திருக்கிறார்கள்.